ஆதமின் பிழையும் நம் பிள்ளைகளின் அச்சமும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், இரவுப் பணி முடிந்து தொழிற்சாலைப் பேருந்துகளிலிருந்து இறங்குவோரின் கைகளில் ஒரு துண்டறிக்கை தரப்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நான்கே பக்கம். முதற்பக்கத்தில் இரண்டு செங்குத்துப் பாறைகள். ஒன்றின்மேல் மனிதன் நிற்கிறான். மற்றொன்றின்மேல் கடவுள் என்று எழுதப்பட்டிருக்கிறது. இடையே அடிதெரியாத பள்ளம். அப்பள்ளத்தின் பெயர் பாவம். கடைசிப் பக்கத்தில் அதன் குறுக்கே ஒரு சிலுவை பாலமாகக் கிடக்கிறது. உலகெங்கும் பல மொழிகளில் புழங்கும் படம்தான் இது.

தருபவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. பனியிலும் வெயிலிலும் நின்று, புன்னகையோடு, தாம் நன்மை என்று நம்பும் ஒன்றைத் தருகிறார்கள். அந்தத் தாள் நம் வீட்டுக்குள் வந்த விதமே இதை எழுதத் தூண்டியது.

எமக்கு அண்ணன் முறையாகும் ஒருவரின் மகள், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரிலிருந்து வந்து இங்குள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறாள். ஓர் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தவள், உண்டு முடித்த பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். “சாச்சா, ஷிப்டு மாறி மாறி வந்து தொழுகை விட்டுப்போயி எத்தனையோ மாசமாச்சு. இந்தப் பள்ளம் எனக்கும் விழுந்திருக்குமா?” என்று கேட்டாள். அவள் மதம் மாற நினைத்துக் கேட்கவில்லை. அஞ்சிக் கேட்டாள். அந்த அச்சத்துக்கு விடைசொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

முதலில், கிறித்தவர் சொல்வதை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எடுத்துவைப்பது நீதி. பிறர் கொள்கையை உருக்குலைத்து எடுத்துக்கொண்டு அதை வெல்வது நம் மேடைகளில் பழகிப்போன எளிய வெற்றி. ஆதமும் ஏவாளும் கட்டளையை மீறினார்கள். அந்த மீறலால் இறைவனோடு இருந்த உறவு முறிந்தது. அம்முறிவு ஒரு செயலாக நின்றுவிடாமல் மனித இயல்பிலேயே புகுந்தது. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் முறிந்த நிலையிலேயே பிறக்கிறது. மனிதன் தன் முயற்சியால் அதைச் சரிசெய்ய இயலாது. எனவே இறைவனே மகனாக வந்து தம் இரத்தத்தால் ஒப்புரவாக்கினார். இதுவே அவர்கள் சொல்வது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பிறவிப்பாவம் என்பது நாம் செய்த பாவமன்று, நம்மை வந்தடைந்த நிலை என்றே விளக்குகிறது. கீழைத் திருச்சபைகளோ ஆதமின் குற்றம் நமக்கு வரவில்லை, அவர் வழியாக மரணம் மட்டுமே வந்தது என்கின்றன. “யாரோ தின்ற கனிக்கு யாருக்கோ தண்டனையா?” என்று ஒரு வரியில் கேட்டு முடித்துவிடும் நம் பேச்சாளர்கள், இந்த வேறுபாடுகளைப் படித்த ஒரு கிறித்தவ நண்பர் முன் நாணி நிற்க நேரும்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் பாவம் என்பது செய்யப்படுவது. பாவம் செய்தான், புண்ணியம் செய்தான் என்கிறோம். இரங்கத்தக்கவரைக் கண்டால் “ஐயோ பாவம்” என்றும் சொல்கிறோம். செய்யாமலே ஒட்டிக்கொண்டிருக்கும் பாவத்தைச் சொல்ல அச்சொல் போதவில்லை; அதனாற்றான் ‘சென்மப் பாவம்’, ‘பிறவிப் பாவம்’ என்னும் கூட்டுச் சொற்கள் தேவைப்பட்டன. பிறப்போடு வரும் கறை என்ற பேச்சைக் கேட்டாலே இந்த மண்ணின் மனிதருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஆனால், எல்லா மனிதர்க்கும் ஒன்றாகச் சொல்லப்படுவதால் இது சாதியன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

இனி அவர்களது வேதத்துக்கே செல்வோம். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை அந்தத் துண்டறிக்கையை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் வியப்பே மிஞ்சும். கனியை உண்ட பிறகு ஒளிந்துகொள்பவர்கள் மனிதர்கள். தோட்டத்தில் தேடிவருபவன் இறைவன். எங்கிருக்கிறாய் என்று அழைப்பவனும் அவனே. வெளியேற்றும்போதும் தோலாடை செய்து உடுத்தியே அனுப்புகிறான். நான்காம் அதிகாரத்தில் தம்பியைக் கொல்லவிருக்கும் காயீனோடு பேசுகிறான். கொன்ற பின்னும் பேசுகிறான். பிறர் அவனைக் கொன்றுவிடாதபடி ஓர் அடையாளமும் இடுகிறான். பாறை எங்கே? பள்ளம் எங்கே? இன்னொன்று: பாவம் என்னும் சொல்லே ஏதேன் தோட்டக் கதையில் இல்லை. அது முதன்முதலாக வருவது காயீனிடம் இறைவன் பேசும் இடத்தில்தான். அங்கும், பாவம் வாசலில் காத்திருக்கிறது, அதை நீ ஆளவேண்டும் என்ற கருத்திலேயே வருகிறது. ஆள இயலாதவனாகப் பிறந்த ஒருவனிடம் ஆள் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? அந்த வேதத்தை முதலில் பெற்றவர்களும் இன்றுவரை ஓதுபவர்களுமாகிய யூதர்கள் அதிலிருந்து பிறவிப்பாவக் கொள்கையை எடுக்கவில்லை.

பின் எங்கிருந்து வந்தது? உரோமையருக்குப் பவுல் எழுதிய மடலின் ஐந்தாம் அதிகாரம், பன்னிரண்டாம் வசனம் முதன்மையான ஊற்று. ஒரு மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகில் நுழைந்தன என்று சொல்லும் அவ்வசனத்தின் இறுதித் தொடரைக் கிரேக்கத்தில் ‘எல்லாரும் பாவம் செய்தமையால்’ என்று கொள்வதே பெரும்பாலோர் வழக்கு. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்போ அதனை ‘அவனுள் எல்லாரும் பாவம் செய்தனர்’ என்று படிக்க இடந்தந்தது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) அந்த வாசிப்பைப் பற்றிக்கொண்டார். மனிதன் தன் விருப்பத்தால் நன்மையைத் தேர இயலும் என்று வாதிட்ட பெலாகியுசின் கருத்து 418இல் கார்த்தேஜ் சங்கத்தில் கண்டிக்கப்பட்டது. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் பச்சிளங்குழந்தையின் கதி என்ன என்ற வினா அன்று தொடங்கி அவர்களை வாட்டிற்று. மிக மெல்லிய தண்டனை உண்டு என்றார் அகுஸ்தீன். பிற்காலத்தவர் துன்பமும் பேரின்பமும் இல்லாத ஓர் இடைநிலையைக் கருதினர். 2007இல்தான் வத்திக்கானின் இறையியல் ஆணையம் அக்குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை கொள்ளக் காரணம் உண்டு என்று விரிவான ஓர் ஆவணம் வெளியிட்டது. அதைப் படித்தபோது நமக்கு ஏளனம் தோன்றவில்லை; குழந்தையைப் பறிகொடுத்த எத்தனை தாய்மார் அந்த இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கலங்கியிருப்பார்கள் என்றே தோன்றிற்று. இதனைப் பிழையுள்ள கொள்கை என்று நாம் சொல்வதற்கு அந்தத் தாய்மாரே போதிய காரணம்.

திருமறை இதே நிகழ்வை எவ்வாறு சொல்கிறது? அல்பகரா அத்தியாயத்தில், கனியைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே, பூமியில் பிரதிநிதி ஒருவரைப் படைக்கப்போவதாக அல்லாஹ் வானவர்களிடம் அறிவித்துவிடுகிறான் (2:30). ஆகவே நாம் பூமியில் வாழ்வது சிறைவாசமன்று. ஆதம் (அலை), ஹவ்வா இருவருமே வழுவினர். ஹவ்வாவின்மேல் மட்டும் பழி சுமத்தப்படவில்லை. இருவரும் தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு இறைஞ்சினர் (7:23). அந்த இறைஞ்சுதலுக்குரிய சொற்களையும் கற்றுக்கொடுத்தவன் இறைவனே; மன்னித்தவனும் அவனே (2:37). பிறகு ஆதமைத் தேர்ந்தெடுத்து நேர்வழியும் காட்டினான் (20:122). வழக்கு அங்கேயே முடிந்தது. மன்னிக்கப்பட்ட குற்றத்துக்கு வாரிசு ஏது? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று 6:164, 17:15, 35:18, 53:38 ஆகிய வசனங்கள் மீண்டும் மீண்டும் அறிவிக்கின்றன. பைபிளின் எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரமும் தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்றே சொல்கிறது.

புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் ஒரு நபிமொழி நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். எங்களைச் சுவனத்திலிருந்து வெளியேற்றியவர் நீங்கள்தாமே என்று மூஸா (அலை) ஆதமிடம் வழக்காடுகிறார். நான் படைக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அல்லாஹ் விதித்ததற்கு என்னைப் பழிக்கிறீரா என்று ஆதம் மறுமொழி கூறுகிறார். அவ்வழக்கில் ஆதமே வென்றார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையின் வண்ணப்பூச்சுப் பிரிவில் வேலைபார்க்கும் நம் ஜமாஅத் இளைஞர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னது எம் விளக்கத்தைவிட நன்றாயிருந்தது. “பாய், அவங்க சொல்றது லாட் ரிஜெக்ட் மாதிரி. ஒரு பீஸ் கெட்டுச்சுன்னா மொத்த லாட்டையும் ஹோல்டுல போட்ருவாங்க. நம்மளுது ரீவொர்க்.” கிறித்தவ நண்பர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். அச்சே கோணியிருந்தால் வரும் ஒவ்வொரு பொருளும் கோணியே வரும், ரீவொர்க்கால் என்ன பயன் என்பார்கள். நியாயமான மறுப்புத்தான். நம் விடை: அச்சு கோணவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்பது நபிமொழி. கோணல் பிறகு வருவது.

அவ்வாறாயின் பாவம் நம்மை இறைவனிடமிருந்து பிரிப்பதே இல்லையா? பிரிக்கிறது. இதை மறைத்தால் நாமும் நேர்மையற்றவர்களாவோம். மக்கள் சம்பாதித்தவை அவர்களுடைய உள்ளங்களில் துருவாகப் படிந்தன என்றும், அத்தகையோர் அந்நாளில் தம் இரட்சகனைவிட்டுத் திரையிடப்படுவர் என்றும் 83ஆம் அத்தியாயத்தின் 14, 15ஆம் வசனங்கள் எச்சரிக்கின்றன. துருவைப் பற்றி இந்தப் பகுதி மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தகடு பிறக்கும்போதே துருவாகப் பிறப்பதில்லை. கவனியாமல் விட்டால் ஏறுகிறது. எண்ணெய்ப்பிசுக்கும் துருவும் போகக் கழுவி, பாஸ்பேட் தொட்டியில் முக்கிய பிறகே வண்ணம் ஏற்றுகிறார்கள். தவ்பா என்பது அந்தக் கழுவுதல். கழுவுவதற்கு வேறொருவர் உயிர்விட வேண்டியதில்லை.

இங்கே அவர்களுடைய வலுவான வாதம் குறுக்கிடும். இறைவன் கருணையாளன் மட்டுமல்லன், நீதியாளனும்கூட. விலைகொடுக்கப்படாத மன்னிப்பு நீதியைக் கெடுக்கும் என்பார்கள். எல்லையற்றவனுக்கு எதிரான குற்றத்தின் கடனும் எல்லையற்றது, அதைத் தீர்க்க இறைவனும் மனிதனுமான ஒருவரே தகுந்தவர் என்று பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் இதனை முறைப்படுத்தினார். ஆனால் ஈசா (அலை) அவர்கள் கூறியதாகச் சுவிசேஷங்கள் தரும் உவமைகளில் இந்தக் கணக்கு காணப்படவில்லை. மத்தேயு பதினெட்டில், பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் கெஞ்சியதும் அரசன் தள்ளுபடி செய்கிறான்; வேறு எவரிடமும் வசூலிக்கவில்லை. லூக்கா பதினைந்தில், சொத்தை அழித்துத் திரும்பும் இளைய மகனைத் தந்தை தூரத்தில் கண்டே ஓடித் தழுவுகிறார். மூத்தவனைப் பலியிட்டு ஈடுசெய்யவில்லை. யோனா நூலில் நினிவே நகரம் நோன்பிருந்து திருந்துகிறது, மன்னிக்கப்படுகிறது. கடனைத் தள்ளுபடி செய்தவர், அதே தொகையை மற்றொருவரிடம் பெற்றுக்கொண்டிருந்தால் அதைத் தள்ளுபடி என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டார்.

துண்டறிக்கையின் படத்துக்கு அடியில் பெரும்பாலும் குறிப்பிடப்படும் வசனம் ஏசாயா 59:2. உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் இறைவனுக்கும் நடுவே பிரிவினை உண்டாக்கின என்பது அதன் கருத்து. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று துண்டறிக்கை சொல்வதில்லை. அடுத்த வசனங்கள் இரத்தக்கறை படிந்த கைகளையும், பொய்பேசும் உதடுகளையும், நீதியற்ற வழக்குகளையும் பேசுகின்றன. ஆதமைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முந்திய ஐம்பத்தெட்டாம் அதிகாரமோ இன்னும் வெளிப்படையானது: நோன்பும் இருந்துகொண்டு, அதே நாளில் தம் வேலையாட்களைக் கசக்கிப் பிழிவோரை அது கண்டிக்கிறது. நுகத்தை அவிழ்த்து, பசித்தவனுக்கு உணவு பகிர்ந்தால் நீ கூப்பிடுவாய், இறைவன் பதில் தருவான் என்ற கருத்தில் அது தொடர்கிறது.

வேலையாட்களைக் கசக்கிப் பிழிவோர்! ஒரகடத்தில், இருங்காட்டுக்கோட்டையில், சுங்குவார்சத்திரத்தில் இந்த வரிகளைப் படிப்பவர்க்கு உரை வேண்டுமா? 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தது தங்கள் சங்கம் ஏற்கப்படவேண்டும் என்பதற்காக. நிரந்தரப் பணியாளர் அருகில் நின்று, அதே வேலையை அதைவிடக் குறைந்த கூலிக்குச் செய்யும் ஒப்பந்தப் பிள்ளைகள் இங்கே எங்கும் உண்டு. நபி (ஸல்) அவர்கள், மறுமையில் தான் எதிர்த்து வழக்காடும் மூவரில் ஒருவனாக, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனை அல்லாஹ் குறிப்பிடுவதாக அறிவித்தார்கள். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அநீதியிழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சும்படியும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றும் எச்சரித்தார்கள்.

நம் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். திரை யாருக்கு, திரையின்மை யாருக்கு என்று இரு வேதங்களும் தெளிவாகச் சொல்லியிருக்க, அந்தத் தாள் பன்னிரண்டு மணிநேரம் நின்று கால் வீங்கிய பெண்ணின் முன்னால் பள்ளத்தை வரைகிறது. அவள் கூலியில் கைவைத்தவனுக்கும் அவளுக்கும் ஒரே பள்ளம், ஒரே ஆழம் என்கிறது. செய்த பாவங்களின் வேறுபாட்டைச் செய்யாத பாவம் ஒன்று விழுங்கிவிடுகிறது. (ஆட்களைத் திரட்டித் தரும் ஒப்பந்தக்காரர்களில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.)

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தத் தாள் நம் பிள்ளையை ஏன் அவ்வளவு எளிதில் அச்சுறுத்தியது? கேட்டோம். ஊருக்குப் போயிருந்தபோது, விட்டுப்போன தொழுகைகளைப் பற்றி மார்க்கம் அறிந்த ஒருவரிடம் கேட்டாளாம். “தொழுகையை விட்டவளுக்கு துஆ எதுக்கு?” என்று பதில் வந்ததாம். அதன்பின் அவள் கையேந்துவதையே நிறுத்திவிட்டாள். பள்ளத்தை வெட்டியவர்கள் நாம். துண்டறிக்கை அதைப் படமாகக் காட்டிற்று, அவ்வளவே. தொழுகையை விடுவது பெரும் பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைவிடப் பெரும் அறியாமை, பாவியிடம் இறைவனின் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று அறிவிப்பது. அந்தச் சாவியை நமக்கு யார் தந்தார்கள்? தமக்கு எதிராகவே வரம்புமீறிய அடியார்களை அழைத்து, என் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொல்லும் 39:53ஐ நம் மிம்பர்களில் எத்தனை முறை கேட்கிறோம்? பிடரி நரம்பினும் அண்மையில் இருப்பதாகச் சொல்பவனை (50:16) நாமே பாறையின் அக்கரைக்கு ஏற்றிவிட்டோம்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் பாதிரியார் பாண்டரும் இரண்டு நாள் விவாதித்தார்கள். வேதங்கள் மாற்றப்பட்டனவா என்பதும், முந்திய சட்டம் நீக்கப்படுமா என்பதுமே பேசி முடிந்தன. அந்த வழியிலேயே நம் மேடைகள் இன்றும் நிற்கின்றன. திரித்துவம், வேதத் திரிபு, மறுபடி திரித்துவம். பாவி ஒருத்தி கட்டிலில் விழித்துக்கிடந்து நினைப்பது இவற்றையன்று.

இந்தத் துண்டறிக்கை விநியோகத்தைத் தடுக்கக் காவல் நிலையத்தில் மனுக்கொடுக்க வேண்டும் என்று நம் கூட்டத்தில் சிலர் வலியுறுத்தினார்கள். நாம் மறுத்தோம், மறுத்ததை இங்கே பதிவுசெய்கிறோம். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு அவர்களுக்குத் தரும் உரிமையே நமக்கும் தருகிறது. 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, அது ஏமாற்று, தூண்டுதல் என்று நாடெங்கும் எழுந்த கூக்குரலை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது கிறித்தவரும் நாமும் சேர்ந்தே எதிர்த்தோம். 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று வேண்டாம் என்ற கோலை இன்று நாமே எடுப்பதா? தாளுக்கு விடை தாளே. அதைவிட நல்ல விடை, அந்தப் பெண்ணுக்குத் தொழ ஓர் இடம்.

அதில்தான் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அதுபோல் வாடகை வீடுகளில் அறைக்கு ஆறேழு பேராகத் தங்குவோர் எத்தனை ஆயிரமோ. அவர்களிடையே நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தச் சாலையோரப் பள்ளிவாசல்களில் பெண்கள் ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுவதற்குத் தனியிடம் உள்ளவை எத்தனை? எம் ஜமாஅத்தில் இல்லை. பின்புறத்து அறை ஒன்றில் பழைய பந்தல் துணிகளும் உடைந்த மின்விசிறிகளும் கிடக்கின்றன. அதை ஒழித்துத் தாருங்கள் என்று கேட்டு மூன்று கூட்டங்கள் ஆயின.

அண்ணன் மகளுக்கு நாம் சொன்னது சிறியது. விட்டதைக் களாச் செய்வதைப் பற்றிப் பிறகு பேசலாம். இன்று வரும் வக்தைத் தொழு. இயலாத நாளிலும் கையேந்து. ஏந்துவதற்கு எவரிடமும் அனுமதி கேட்காதே. பாலைவனத்தில் உணவும் நீரும் சுமந்த ஒட்டகத்தைத் தொலைத்து, சாகக் கிடந்தவன் அதைத் திரும்பக் கண்டபோது அடையும் மகிழ்ச்சியைவிட, திரும்பிவரும் அடியானைக் கண்டு அல்லாஹ் அதிகம் மகிழ்கிறான் என்னும் நபிமொழியையும் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தாள். தாளைத் தந்த அறைத்தோழி நல்லவள், தனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவள், அவளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்தானே என்று கேட்டாள். வேண்டாம் என்றோம், ஒட்டகக் கதையை அவளுக்கும் சொல் என்றோம்.

அடுத்த வாரம் அவளுக்கு ‘சி’ ஷிப்டு. பணி முடிந்து பேருந்து ஒரகடம் வரும் வேளையில் ஃபஜ்ரின் நேரம் கடந்துவிடுகிறது. தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அது ஃபஜ்ருக்குள் விழுகிறதா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். பின்புறத்து அறையின் சாவி முத்தவல்லியிடம் இருக்கிறது.